பெல்ட் அறுந்த இடத்தில் சிக்னல் இல்லை

போன வருடம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கனடாவின் ஒன்டாரியோவில் ஹாலிபர்ட்டன் பக்கத்துக் காட்டுக்குள், ஸ்னோமொபைல் என்னும் பனியில் ஓடும் வண்டி நின்றுபோய், கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லாமல் இரண்டேகால் மணி நேரம் நின்றேன். மைனஸ் இருபதுக்கும் கீழே. அதில் 995 டாலர் போனது, இடது கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் கறுத்து உரிந்தது. கிளம்புவதற்கு முன்னால் இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. வருடா வருடம் நம்மவர்கள் இந்த வண்டியை வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் கூடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சேலம் பக்கத்துக்காரன். டொராண்டோ பக்கத்து ஏஜாக்ஸில் இருக்கிறேன், கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் வேலை. கனடாவில் அது எனக்கு எட்டாவது குளிர்காலம். ஏழு குளிர்காலத்தை வீட்டுக்குள்ளேயே கழித்தாகிவிட்டது, இனி வெளியே போய் அனுபவிக்க வேண்டும் என்று முடிவு செய்து, 600 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பத்து வயது வண்டி. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் ட்ரெய்லரும், எஞ்சின் இழுவைக்கான ஒரு உபரி பெல்ட்டும் சேர்த்தே கொடுத்தார்கள், பெல்ட்டுக்கு மட்டும் தனியாக 60 டாலர். சட்டப்படி தேவையான எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். பதிவு, காப்பீடு, ஹெல்மெட், ட்ரெயில் எனும் பனிப்பாதைகளில் ஓட்டுவதற்கான பெர்மிட். ஒன்டாரியோவில் ஸ்னோமொபைல் கிளப்புகளின் கூட்டமைப்பு ஏறக்குறைய 30,000 கிலோமீட்டர் ட்ரெயிலைப் பராமரிக்கிறது. அந்தப் பெர்மிட் இல்லாமல் அதில் ஓட்டினால் அபராதம். வேறு பலகை இல்லாத இடத்தில் வேக வரம்பு 50 கிலோமீட்டர். இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டேன். வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்பதை மட்டும் படிக்கவில்லை.

கூட வேலை பார்க்கும் ஒருவரோடு போவதாகத்தான் பேச்சு. அவருக்குப் பதினைந்து வருட அனுபவம். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து, பையனுக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் போகலாம் என்றார். "தனியா எதுக்குங்க, ஒரு வாரம் பொறுத்தா என்ன?" என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். ஓவர்டைமை விட்டு லீவு வாங்கியிருந்தேன், ட்ரெய்லரில் வண்டியைக் கட்டியாகிவிட்டது, மனசு கேட்கவில்லை. அன்று நடந்த அத்தனைக்கும் முதல் காரணம் இதுதான். துணை வராவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அப்படியே போனாலும் பத்து இருபது கிலோமீட்டர் ஊரை ஒட்டியே ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுங்கள். நாள் முழுக்கச் சுற்றும் பயணத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்.

திட்டம் இப்படி: ஹாலிபர்ட்டன் ஊரில் காரை விட்டுவிட்டு, பழைய ரயில் பாதை வழியாகத் தெற்கே கின்மவுண்ட், அங்கிருந்து கிழக்கே குடர்ஹம், அப்புறம் வில்பர்ஃபோர்ஸ், அங்கிருந்து மேற்கே திரும்பி மறுபடி ஹாலிபர்ட்டன். வளைந்து வளைந்து போகும் ட்ரெயில்களை எல்லாம் சேர்த்தால் 170 கிலோமீட்டர் வந்தது. 170-ஐ 50-ஆல் வகுத்தேன், மூன்றரை மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் சேர்த்தாலும் ஒன்பதுக்குக் கிளம்பி இரண்டுக்கெல்லாம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பார்க்க ரோடு மாதிரியே இருப்பதால் ரோட்டுக் கணக்கையே போட்டுவிட்டேன். ட்ரெயிலில் அந்தக் கணக்கு செல்லாது. வளைவு, ஸ்டாப் பலகை, ரோட்டைக் குறுக்கே கடப்பது, ஹெல்மெட்டின் வைசரைத் துடைப்பது, கையைச் சூடாக்குவது, மேப் பார்ப்பது எல்லாம் சேர்த்து அன்று எனக்குக் கிடைத்த சராசரி மணிக்கு 27 கிலோமீட்டர். புதிதாக ஓட்டுகிறவர்கள் மணிக்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி முதல் பாதியில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். நான்கு மணிக்குள் காருக்குத் திரும்புவதாக வைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எத்தனை கிலோமீட்டர் வருகிறதோ அவ்வளவுதான் அன்றைய பயணம். எனக்கு அது நூறைத் தாண்டியிருக்காது.

காலையில் ஹாலிபர்ட்டன் போய்ச் சேரும்போது மைனஸ் 24. அந்தக் குளிரில் ஐம்பதில் ஓட்டினால் காற்றோடு சேர்த்து உடம்புக்கு மைனஸ் 41 போலத் தெரியும். ராத்திரி முழுக்க ட்ரெய்லரில் நின்றதில் வண்டியின் ட்ராக்கும் (அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டை) ஸ்கீயும் (முன்னால் இருக்கும் சறுக்குக் கட்டை) பலகையோடு உறைந்து ஒட்டியிருந்தன. எனக்குத் தெரியவில்லை, எஞ்சினைப் போட்டதும் த்ராட்டிலை அழுத்தி ஒரே உதறலில் இறக்கினேன். வண்டி துள்ளிக்கொண்டு வந்தது. பெல்ட்டுக்குச் சாவு மணி அடித்தது அந்த இடத்தில்தான் என்று பிறகு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்குமே, எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட், இதிலும் அதே அமைப்புதான், ஆனால் சுமை பல மடங்கு. கடுங்குளிரில் அந்த ரப்பர் கட்டை மாதிரி விறைத்திருக்கும். அதனால் முதலில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் போட்டு ட்ராக்கை விடுவிக்க வேண்டும், ஸ்கீயை இப்படியும் அப்படியும் அசைத்து விடுவிக்க வேண்டும், எஞ்சின் சூடாகச் சில நிமிடம் விட வேண்டும், முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாகவே போக வேண்டும். இதற்கு மொத்தமே பத்து நிமிடம்தான் ஆகும்.

உடையிலும் தப்பு செய்தேன். மேலே நல்ல கோட், நல்ல பேன்ட். உள்ளே பருத்தி பனியன். வண்டியை இறக்கும்போதும் கட்டும்போதும் வியர்த்த வியர்வை அந்தப் பனியனிலேயே ஊறி நின்று, பதினொரு மணிக்கு முதுகில் ஈரத்துணி போட்டது போல ஆகிவிட்டது. உடம்போடு ஒட்டுவது கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடையாக இருக்கட்டும், பருத்தி வேண்டவே வேண்டாம். மாற்று உள்ளாடை, ஒரு ஜோடி கையுறை, ஒரு ஜோடி சாக்ஸ் மூன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் இருந்தும், முதல் ஒரு மணி நேரத்தைப் போல ஒரு சந்தோஷத்தை நான் இந்த நாட்டில் வேறெங்கும் பார்த்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். ராத்திரி க்ரூமர் ஓடியிருந்தது. க்ரூமர் என்றால் பெரிய ட்ராக்டர், பின்னால் நீளமான இரும்புச் சட்டம். மேட்டைச் சீவி, பள்ளத்தில் நிரப்பி, அழுத்திக்கொண்டே போகும். அது போன பிறகு சில மணி நேரம் குளிரில் இறுக விட்டால்தான் பாதை கெட்டியாகும், அதனால்தான் ராத்திரியில் ஓட்டுகிறார்கள். விடியும்போது பாதை முழுக்கச் சீப்பால் வாரியது போல மெல்லிய கோடுகள். இரண்டு பக்கமும் மரங்கள் பனியைச் சுமந்துகொண்டு குனிந்து நின்றன. முன்னால் ஒரு தடம்கூட இல்லை. பழைய ரயில் பாதை என்பதால் ஏற்றமும் இல்லை, நேராகப் போகிறது. 1878-இல் ஹாலிபர்ட்டனுக்கு ரயில் வந்த பாதை இது. கின்மவுண்டில் ஒரு டீ குடிக்க நிறுத்தினேன். 1874-இல் ஐஸ்லாந்திலிருந்து வந்த குடும்பங்கள் இந்த ரயில் பாதை வேலைக்காக இங்கே தங்கியிருக்கிறார்கள், முதல் குளிர்காலத்திலேயே நிறையக் குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள். ஊரில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. குளிர் தேசத்திலிருந்து வந்தவர்களுக்கே இப்படி என்று அன்று மனதில் பட்டது, ஆனால் அதற்கு மேல் யோசிக்காமல் கிளம்பிவிட்டேன்.

மதியத்துக்கு மேல் பாதை வேறு முகம் காட்டியது. சனிக்கிழமை கூட்டம் ஓடி ஓடி, வளைவுகளில் ஆட்டுக்கல் குழி போல வரிசையாகக் குழியும் மேடும். முதுகும் மணிக்கட்டும் விட்டுப்போயின. எதிரே வருகிறவர்கள் இடது கையைத் தூக்கி விரல் காட்டுவார்கள், பின்னால் இத்தனை வண்டி வருகிறது என்று பொருள். மூடிய முஷ்டி காட்டினால் அவர்தான் கடைசி. இது தெரியாமல் போனால் வளைவில் நேருக்கு நேர் மோத நேரிடும், போவதற்கு முன் இந்தச் சைகைகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஏரியைக் கடக்கும் இடத்தில் குச்சி நட்டிருப்பார்கள், அதை விட்டு ஒரு அடி விலகக் கூடாது. ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்டிமீட்டர் ஐஸ் வேண்டும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது, அதுவும் நீலமாகத் தெளிந்த ஐஸ். வெள்ளையாக இருப்பதற்குப் பாதி பலம்தான். இரண்டு ஏரியை இணைக்கும் குறுகலான இடத்தில் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அங்கே மைனஸ் முப்பதிலும் ஐஸ் மெலிந்திருக்கும்.

வில்பர்ஃபோர்ஸுக்கு வந்தபோது மணி இரண்டு இருபது. அந்நேரம் திரும்பி ஹாலிபர்ட்டனில் இருந்திருக்க வேண்டும். பதற்றம் வந்துவிட்டது. மேப்பில் ஒரு சுருக்கு வழி தெரிந்தது, பத்து கிலோமீட்டர் மிச்சமாகும். கூட்டமைப்பின் மேப்பில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது, மஞ்சள் என்றால் போகலாம், ஆனால் முழுத் தரத்தில் இருக்காது. அந்த வழி மஞ்சள். மூடவில்லையே என்று உள்ளே போய்விட்டேன். மஞ்சள் என்பதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது, அதை யாரும் எழுதி வைப்பதில்லை: அந்த வழியில் மற்றவர்கள் வர மாட்டார்கள். சனிக்கிழமை மதியம், பெரிய ட்ரெயிலில் நின்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் யாராவது நிறுத்திக் கேட்டிருப்பார்கள்.

மூன்று மணி ஐந்து நிமிடம். ஒரு ஏற்றத்தில் டமார் என்று சத்தம், ரப்பர் தீய்ந்த நாற்றம், எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. அணைத்துவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். பெல்ட் நார் நாராகப் பிய்ந்து, கறுப்பு நூல்கள் கிளச்சின் தண்டைச் சுற்றி முடி போல இறுகியிருந்தன. மெல்லிய கையுறை போட்டால் விரல் விறைக்கிறது, தடித்த கையுறை போட்டால் நூல் பிடிபடவில்லை. கழற்றுவேன், முப்பது எண்ணும் வரை பிய்ப்பேன், கையை அக்குளில் வைப்பேன், மறுபடி கழற்றுவேன். நூலை எடுத்து முடிக்கவே நாற்பது நிமிடம். அப்புறம் உபரி பெல்ட்டை எடுத்து மாட்டிப் பார்த்தால் தொள தொள என்று தொங்குகிறது. திருப்பிப் போட்டேன், இழுத்துப் பார்த்தேன். மேலே அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தபோதுதான் புரிந்தது, அது வேறு மாடலுடைய பெல்ட். விற்றவர் தெரிந்து கொடுத்தாரோ தெரியாமல் கொடுத்தாரோ, சரிபார்க்க வேண்டியவன் நான். பெல்ட்டின் முதுகிலேயே எண் இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை வாங்கும் இடத்திலேயே செய்யுங்கள்.

போனை எடுத்தேன். 40 சதவீதம் சார்ஜ் இருந்த போன், கோட்டின் வெளிப் பாக்கெட்டில் குளிர்ந்து, திரையைத் தொட்டதும் அணைந்துவிட்டது. உள்ளே நெஞ்சோடு வைத்துச் சூடாக்கி மறுபடி உயிர் கொடுத்தேன், சிக்னல் ஒரு புள்ளிகூட இல்லை. போனை எப்போதும் உடம்போடு ஒட்டிய உள் பாக்கெட்டில் வையுங்கள். ஐபோன் 14-இலிருந்து வரும் போன்களில் சிக்னல் இல்லாத இடத்திலும் சாட்டிலைட் வழியாக அவசர உதவி கேட்கலாம், கனடாவில் அது வேலை செய்கிறது, ஆனால் தலைக்கு மேல் வானம் திறந்திருக்க வேண்டும், போனில் சார்ஜும் இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது பழைய போன். இப்போது சாட்டிலைட்டில் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம் காத்திருப்பு. எஞ்சின் சத்தம் நின்ற பிறகு அந்தக் காட்டில் எவ்வளவு அமைதி என்றால், என் ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுதான் பெரிய சத்தமாகக் கேட்டது. பெல்ட் இல்லாமல் எஞ்சினை ஓட்டக் கூடாது என்று கையேட்டில் எச்சரிக்கை போட்டிருந்ததால் ஹேண்டில் சூட்டுக்கும் வழியில்லை. நடந்துவிடலாமா என்று நான்கைந்து தடவை தோன்றியது. ஹாலிபர்ட்டனுக்கு 26 கிலோமீட்டர், அந்த பூட்ஸில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போவேனா? நடக்கவில்லை, அது ஒன்றுதான் அன்று நான் எடுத்த நல்ல முடிவு. வண்டியைப் பாதையின் வலது ஓரத்துக்குத் தள்ளினேன், வளைவிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும்படி சிவப்புப் பையைக் கிளையில் கட்டினேன். பத்தடி இந்தப் பக்கம், பத்தடி அந்தப் பக்கம் என்று நடந்துகொண்டே இருந்தேன். வேர்க்கடலை உருண்டை இரண்டு பாக்கெட்டில் இருந்தது, கல்லாக உறைந்திருந்ததை வாயிலேயே ஊற வைத்துத் தின்றேன். தண்ணீர் பாட்டில் அடிவரை ஐஸ். தீப்பெட்டி இல்லை, டார்ச் இல்லை. நாலரைக்கு மேல் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் நீலமாக மாறியது. என் மகளுக்கு அப்போது நாலு வயது. அவள் காலையில் தூக்கத்தில் கையசைத்ததே கண்ணுக்குள் வந்து வந்து போனது. அழுதேன். மூக்கோரம் அந்த ஈரம் உடனே உறைந்து குத்தியது.

எங்கே போகிறேன், எந்த வழியாகப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லவில்லை. "ஹாலிபர்ட்டன் பக்கம்" என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் போலீஸை அழைத்திருந்தாலும் எங்கே தேடுவார்கள்? போகும் ட்ரெயில்களின் எண்களை வரிசையாக எழுதி, இத்தனை மணிக்குள் நான் போன் செய்யாவிட்டால் 911-ஐக் கூப்பிடு என்று எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வழியை மாற்றினால் சிக்னல் இருக்கும் இடத்திலேயே நிறுத்தி அதையும் சொல்லிவிடுங்கள்.

ஐந்து இருபதுக்குத் தூரத்தில் உறுமல் கேட்டது. இரண்டு விளக்குகள். ஒரு கணவன் மனைவி, என்னைவிட இருபது வயதாவது மூத்தவர்கள். கணவர் இறங்கி வந்து முதலில் கேட்டது வண்டியைப் பற்றி அல்ல, "எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்? விரலில் உணர்ச்சி இருக்கிறதா?" என்றுதான். நான் கையுறையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, தேய்க்கவே கூடாது, விறைத்த தோல் கிழியும் என்று சொல்லி, தன் கையுறையைக் கழற்றி வெறும் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்துப் பொத்திக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருவர். அந்தக் கையின் சூடு இப்போதும் நினைவிருக்கிறது. ப்ளாஸ்க்கில் இருந்த சூப்பைக் கொடுத்தார். அவர்களுடைய பெல்ட்டும் என் வண்டிக்குப் பொருந்தவில்லை. கணவர் தடித்த பட்டையை எடுத்து என் இரண்டு ஸ்கீயிலும் கட்டித் தன் வண்டியில் மாட்டினார். பெல்ட் இல்லாததால் இழுப்பது சுலபம், ஆனால் இறக்கத்தில் நான்தான் பிரேக் பிடித்து அவர் மேல் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனோம். பெரிய ட்ரெயிலில் ஏறியதும் எதிரே மஞ்சள் விளக்கு சுழல க்ரூமர் வந்தது, பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு. ஓரத்தில் ஒதுங்கி நின்று அதை விட்டோம். ஏழு மணிக்கு மேல் ஊருக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தேன். அவள் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

செலவை அப்படியே சொல்கிறேன். அந்த நிலையில் ராத்திரி கார் ஓட்ட முடியாது என்று தங்கிய விடுதிக்கு 160. சரியான பெல்ட் 215. கிளச்சைக் கழற்றிச் சுத்தம் செய்த கூலி 180. பெல்ட் பிய்ந்தபோது உடைத்த தடுப்புத் தகடு 140. திங்கட்கிழமை கன்னத்தைக் காட்ட டாக்டரிடம் போனதில் ஒரு நாள் சம்பளம் 220. அடுத்த சனிக்கிழமை வண்டியை எடுத்துவர மறுபடி போய்வந்த பெட்ரோல் 80. ஒரு சரியான பெல்ட்டும் அதை மாற்றத் தெரிந்த கையும் இருந்திருந்தால் 215 டாலரோடும் அரை மணி நேரத்தோடும் முடிந்திருக்கும்.

அந்த தம்பதிக்குப் பணம் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. அக்டோபரில் கிளப்பில் ட்ரெயில் சுத்தம் செய்ய ஆள் போதவில்லை, வருவீர்களா என்று மட்டும் கேட்டார்கள். போனேன். விழுந்த மரத்தை அறுத்து இழுத்துப் போடுவது, பலகை நடுவது எல்லாம் உறுப்பினர்கள் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். பாதையில் கணிசமான பகுதி தனியார் நிலம், அந்த உரிமையாளர்களும் காசு வாங்காமல் விடுகிறார்கள். ஒருவர் பாதையை விட்டு இறங்கி அவர்கள் வயலில் ஓட்டிவிட்டால் அடுத்த வருடம் அந்த வழியே மூடிப்போகும். இதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

கடந்த டிசம்பரில் வீட்டு கராஜில் விளக்கை அணைத்துவிட்டு, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, கையுறையோடு பெல்ட் மாற்றிப் பழகினேன். மனைவி போனில் நேரம் பார்த்தாள். முதல் தடவை 31 நிமிடம். பெல்ட்டில் எழுத்து நேராகப் படிக்கும்படி மாட்ட வேண்டும் என்பதையே மூன்றாவது தடவையில்தான் கவனித்தேன். புதுப் பெல்ட்டை மாட்டியதும் முதல் 50 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கவும் வேண்டும். இப்போது 12 நிமிடத்தில் முடிக்கிறேன். சரியான எண்ணை மூடியின் உள்பக்கத்தில் மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்தில் மகள் ஒரு சூரியன் வரைந்திருக்கிறாள். ஜனவரியில் நண்பரோடு அதே சுருக்கு வழிக்குப் போனோம், இரண்டு வண்டி, 90 கிலோமீட்டர், மூன்றரைக்கெல்லாம் கார்கிட்ட வந்துவிட்டோம். அந்த ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்தேன். அன்று சிவப்புப் பையைக் கட்டிய கிளையில் கயிற்றின் துண்டு இன்னும் இருந்தது.